முழங்கை வரைக்கும் சோப்பு

எங்கள் வீட்டு வாசலில் நின்று நான் வாங்கிக் கட்டிக்கொள்ளாத கெட்ட பெயர் இல்லை. மாமியார் ஒரு தும்மல் போட்டார். வந்த வழியே அனுப்பிவிட்டேன். எலெக்ட்ரீஷியனை மூன்று தடவை கை கழுவ வைத்தேன். "இது என்னம்மா, வீடா ஆபரேஷன் தியேட்டரா?" என்றார். "ரெண்டுந்தான், சோப்பு போடுங்க" என்றேன்.

என் மகள் வாண்டுக்கு நான்கு வயது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தது. அதன் வழியாகத்தான் மூச்சு. தூங்கும்போது மெஷின் மூச்சு கொடுக்கும். குழாயைச் சளி அடைத்தால் நான்தான் உறிஞ்சி எடுப்பேன். குரல் வராது. கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் வேண்டும், இரண்டு தட்டு என்றால் வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கு மூக்கொழுகலோடு போகிற சளிக்காய்ச்சல் இவள் உயிருக்கே உலை வைத்துவிடும்.

என் தங்கை பள்ளி வேன் ஓட்டுகிறாள். இருமுகிற பிள்ளைகளோடே அவள் பிழைப்பு. அதனால் ஒரு வருஷமாக அவளை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். கண்ணாடியில் மூக்கை அமுக்கிக் காட்டுவாள். வாண்டு சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். அந்த வெள்ளிக்கிழமை வாண்டு ஜன்னலைக் கைகாட்டிக் கம்பியில் ஒரு தட்டு தட்டினாள். சித்தி உள்ளே வேண்டுமாம். எனக்கு மனசு இளகிவிட்டது.

"வந்து தொலை. முழங்கை வரைக்கும் கழுவு."

அரை மணி நேரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை உதடு நீலம். உறிஞ்ச உறிஞ்சச் சளி வந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"நீதாண்டி கொண்டு வந்தே! எம்பொண்ணுக்கு ஏதாவது ஆச்சு, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "வைரஸ்தான். தொத்தி நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் காட்டும். போன வாரம் வீட்டுல யாருக்காவது தொண்டை வலி, ஜலதோஷம்?"

"யாருக்கும் இல்லீங்க" என்றார் என் கணவர்.

செவ்வாய்க்கிழமையே எனக்குத் தொண்டை கரகரத்தது. தூசி என்று சொல்லிக்கொண்டேன். நான் ஒதுங்கிப் படுத்தால் சளி எடுக்க யார் இருக்கிறார்கள்? மாஸ்க் போட்டேன். வாண்டு முத்தம் கேட்டுக் கன்னத்தைக் காட்டினாள், கழற்றினேன். ஊரையே வாசலில் நிறுத்தியவள் என்னை நிறுத்தவில்லை. டாக்டரம்மாவிடம் அப்போதும் வாயைத் திறக்கவில்லை, பாவி.

வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு வாண்டு போய்விட்டாள்.

பத்து நாள் கழித்துத் தங்கை வந்தாள். வாசல் குழாயடியில் நின்று, பழக்கதோஷம், முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். நான் குழாயடிக்குப் போனேன்.

"நாந்தாண்டி" என்றேன். "எனக்குத்தான் மொதல்ல தொண்டை..."

"தெரியும்க்கா. வந்து தொலைன்னு சொன்னியே, அப்பவே உன் குரல் கட்டியிருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லலை?"

"சொன்னா பயந்துபோய் என்னையும் உள்ள விடமாட்டே. ஒரே ஒரு தடவை அவளைத் தூக்கிக்கணும்னு இருந்துச்சுக்கா."

கையில் நுரையோடு அழுதாள். நான் குழாயை மூடினேன்.

"போதும் கழுவினது. உள்ள வாடி. இனிமே இங்க யாரு வேணாலும் வரலாம்."