எக்காளக் குமிழ்

கச்சேரியைத் தள்ளிவைக்கலாம் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மீன்பிடிக்கப் போன மூன்று விசைப்படகுகளில் இரண்டு புயலுக்கு முன்பே கரை சேர்ந்துவிட்டன. மூன்றாவதைக் காணாமல் இரண்டு நாளாகிறது. அதில் ஆறு பேர். எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர் பாட்டு டீச்சரின் கணவர்.

"வீட்டுல உக்காந்து சுவரைப் பாக்கறதுக்கு, வந்து வாசிச்சுட்டுப் போறேன்" என்று டீச்சர் சொல்லிவிட்டாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். கணவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

நகர மண்டபத்து ஆர்கன், காற்றை ஊதி ஒலிக்கும் குழாய்களோடு கூரை உயரத்துக்கு நிற்கும். வாசிப்பவருக்குக் கூட்டம் முதுகுப்பக்கம். தலைக்கு மேலே மாட்டிய சின்னக் கண்ணாடியில்தான் மண்டபம் தெரியும். இரண்டு கையும் இரண்டு காலும் வாசிப்புக்கே சரியாகப் போய்விடுவதால், பக்கத்தில் ஒரு ஆள் நின்று குமிழ்களை இழுத்துவிட வேண்டும். ஒரு குமிழை இழுத்தால் புல்லாங்குழல் மாதிரி ஒலிக்கும், இன்னொன்றை இழுத்தால் எக்காளம். அந்த வேலை நாத்தனாருடையது. படகில் இருப்பவர் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பெண்களுக்கும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

முதலில் ஒரு தாலாட்டு. மென்மையாக வாசிக்க வாசிக்க, வெளியே காற்று ஜன்னல்களைப் பிடித்து உலுக்குவதுதான் பெரிதாகக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு முகமும் ஆர்கன் பக்கம் இல்லை. எல்லாரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கா இவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம் என்று டீச்சருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் நாத்தனார் அந்தக் காரியத்தைச் செய்தாள். கண்ணை நீர் மறைத்ததில், புல்லாங்குழலுக்குப் பதில் எக்காளத்தை இழுத்துவிட்டாள். தாலாட்டுக்கு நடுவே கூரை பெயர்கிற மாதிரி ஓர் அலறல்! முன்வரிசைப் பெரியவர் கைத்தடியைக் கீழே போட்டார். யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

"ஐயோ அண்ணி! மாத்திடறேன், மாத்திடறேன்!"

"அதுல கை வச்சே, அவ்வளவுதான்! இருக்கட்டும்."

"தாலாட்டு அண்ணி இது!"

"இருந்துட்டுப் போகட்டும். இப்ப காத்து கேக்குதா?"

நாத்தனார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "இல்லை."

"அப்ப பக்கத்துல இருக்கறதையும் இழு."

அதற்கப்புறம் மெல்லிய பாட்டு என்று ஒன்றுமே இல்லை. அந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் முகங்கள் ஒவ்வொன்றாக ஜன்னலை விட்டுத் திரும்பின. கைக்குழந்தை ஒன்று தாய் மடியில் நின்று குதித்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். பின்கதவு திறந்து துறைமுக அலுவலக எழுத்தர் உள்ளே வந்தார். கடலில் யாருக்கு என்ன நடந்தாலும் வீட்டுக்குச் சொல்ல வருகிறவர் அவர்தான். கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் டீச்சர் மட்டும் பார்த்தாள். விரல்கள் பழக்கத்தில் ஓடின. நிறுத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும், அவர் சொல்லியாக வேண்டியிருக்கும். அவள் நிறுத்தவில்லை.

எழுத்தர் வரிசை வரிசையாக எதையோ தேடினார். பிறகு நனைந்த கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு, காலியாக இருந்த கடைசி நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

"அண்ணி, ஏன் அழறீங்க?"

"எழுத்தர் வந்திருக்காரு."

நாத்தனாரின் கை குமிழிலேயே உறைந்தது. "என்னவாம்?"

"உக்காந்துட்டாரு. கெட்ட சேதியோட வந்தவர் உக்காருவாரா? இழு அடுத்ததை!"