பத்தொன்பது நாள் கோப்பு

அக்காவின் குழந்தை பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒவ்வொரு நாளும் அக்கா அவனைப் பார்த்துவிட்டு வந்து லேப்டாப்பில் இரண்டு வரி எழுதுவாள். ‘இன்று விரலைப் பிடித்தான்.’ ‘இன்று கொட்டாவி விட்டான்.’ எழுதுவதற்கென்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிரலை, நான் வேலை பார்க்கும் வெளியூரிலிருந்து செய்து அனுப்பியவன் நான்தான். குழந்தை இறந்துபோன பிறகு அவளிடம் மிஞ்சியது அந்த ஒரு கோப்புதான்.

நேற்று மதியம் ஆபீஸ் படிக்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"டேய், அவனுக்கு ஒரு பேர் யோசிச்சேன்டா. அதை எழுதி சேவ் பண்ணேன். சேமிச்சாச்சுன்னுதான் வந்துச்சு. இப்ப தொறந்தா வெள்ளையா இருக்கு."

"டிஸ்க்ல இடம் இருக்கான்னு பாருக்கா."

"சிவப்பா காட்டுது. போன்ல இருந்து போட்டோ எல்லாம் தானா ஏறிக்கிட்டே இருக்குல்ல, நிறைஞ்சிடுச்சாம்."

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். என் நிரல் பழைய கோப்பைக் காலியாக்கிவிட்டு அதிலேயே எழுதும். காலியாக்கிய இடத்தைப் போட்டோக்கள் பிடித்துக்கொண்டன. முறையாகச் செய்தால், பக்கத்தில் வேறொரு கோப்பில் முழுக்க எழுதி, சரியாக விழுந்ததா என்று பார்த்த பிறகே அதைப் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். நடுவில் தவறினால் அரைகுறையை மட்டும் எறிய வேண்டும். ஆபீசில் யாராவது இப்படிச் செய்யாவிட்டால் நானே சண்டைக்குப் போவேன். அக்காவுக்குத்தானே என்று விட்டுவிட்டேன். போதாததற்கு, பிழை என்று வந்தால் பயந்துவிடுவாளே என்று, எது நடந்தாலும் ‘சேமிச்சாச்சு’ என்றே சொல்ல வைத்திருந்தேன்.

"நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன். என் கையில எதுவுமே தங்க மாட்டேங்குதுடா" என்றாள்.

மிஷின் கோளாறு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"அக்கா, நீ ஒண்ணும் பண்ணல. நான் எழுதின லட்சணம் அது. என் தப்பு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"பெரிய கம்ப்யூட்டர் புலின்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுது" என்றாள். பிறகு மெதுவாக, "நான் எதுவும் பண்ணலையா?"

"இல்லக்கா."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அழ ஆரம்பித்தாள். அந்தப் பத்தொன்பது நாளில் ஒரு நாள்கூட அவள் அழுது நான் கேட்டதில்லை.

இன்று போனில், அழிந்துபோன வரிகளை அவள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, நான் என் லேப்டாப்பில் எழுதினேன். ஐந்தாம் நாள் வரை தடையில்லாமல் வந்தது.

"ஆறாம் நாள் என்னடா பண்ணினான்?"

அவள் என்னைக் கேட்டாள். நான் அவனை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஆறுக்கு இரண்டு வரி இடம் விட்டு ஏழுக்குப் போனோம்.