முதுகில் ஒரு பெயர்

வின்டர்டன் விடுதிக் கல்லூரியில் சேர்ந்தால், பெற்றவர்கள் வைத்த பெயர் மூன்று மாதம்தான் செல்லும். அதற்குப் பிறகு மூத்த மாணவர்கள் கூடி ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். பச்சையும் கறுப்புமான விளையாட்டுச் சட்டையின் முதுகில் அதைக் கொட்டை எழுத்தில் தைத்து, கோப்பை ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டில் கொடுப்பார்கள். வாங்குகிறவர் மேசை மேல் ஏறி, பெயரை உரக்கப் படித்து, "நன்றி, வின்டர்டன்" என்று சொல்ல வேண்டும். தொண்ணூறு வருடமாக இதுதான் நடப்பு. மெல்பர்னில் வேறு எந்த விடுதிக்கும் இப்படி ஒரு பெருமை கிடையாது என்று அங்கே எல்லோரும் மார்தட்டிக்கொள்வார்கள்.

இரண்டாம் வருடம் படிக்கும் மார்னி ட்ரெவினின் முதுகில் இருந்தது "மிச்சம்". கடைசிப் பட்டியலில் இடம் கிடைத்து வந்தவள் அல்லவா. மேசை மேல் நின்று அதைப் படித்த அன்று முதலில் சிரித்ததே அவள்தான். அப்பா பார்க்க வந்தபோது மட்டும் சட்டையின் மேல் மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

இந்த வருடம் பெயர் வைக்கும் ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. மாணவர் தலைவன் ஆங்கஸ் பெர்ரிமன் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டு வந்து எல்ஸ்பெத் நன் என்ற பெயரில் நின்றான். வடக்கே எங்கோ ஒரு மாட்டுப் பண்ணையிலிருந்து சட்டம் படிக்கப் புதிதாக வந்த பெண். பெண்கள் கால்பந்து அணியில் அவளைப் போல உதைக்க ஆள் இல்லை. இவளைக் கிண்டல் பண்ண ஒன்றுமே அகப்படவில்லையே என்று ஆங்கஸ் அலுத்துக்கொண்டான். மார்னியின் வாய் சும்மா இருக்கவில்லை. பதினோரு வயது வரை எல்ஸ்பெத்துக்குப் படிக்க வராது என்று சொல்லிவிட்டாள். பயிற்சி முடிந்து பேருந்தில் திரும்பும்போது, ஜன்னலைப் பார்த்தபடி எல்ஸ்பெத் அவளிடம் சொன்ன சங்கதி அது.

ஆங்கஸ் மேசையைத் தட்டி, "கைநாட்டு" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வேறு ஏதாவது வைக்கலாமே என்று மார்னி இழுத்தாள்.

"ஏன், நீ மிச்சம்னு போட்டுக்கிட்டுத் திரியலையா? செத்தா போயிட்ட?" என்றான் ஆங்கஸ்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். சட்டை தைக்கப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் நூற்றிருபது பேர் கரண்டியால் மேசையைத் தட்ட, எல்ஸ்பெத் துள்ளி ஏறினாள். இந்தச் சட்டைக்காக அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். யாரும் பாடாத மூன்றாவது சரணம் வரை கல்லூரிப் பாட்டை மனப்பாடம் செய்திருந்தாள். சட்டையை விரித்தாள். உதடு ஒரு தடவை சத்தமில்லாமல் அசைந்தது. பிறகு பெயரை உரக்கப் படித்தாள். கரண்டிகள் நின்று நன்றிக்காகக் காத்திருந்தன. நன்றி வரவில்லை.

"எழுத்துக் கூட்டித்தான் படியேன், அவசரமில்ல," என்றான் ஆங்கஸ். கூடமே அதிர்ந்து சிரித்தது.

மார்னிக்கு ஆங்கஸ் மேல், சிரிக்கிற கும்பல் மேல், சுவரில் தொங்கும் பழைய தலைவர்களின் பெயர்ப் பலகை மேல் ஆத்திரம். எல்லாவற்றையும் விட, போன வருடம் அதே மேசையில் நின்று இளித்த தன் மேலேயே ஆத்திரம். அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நிறுத்துங்கடா. என்னை நம்பிச் சொன்னா அவ. நான்தான் வந்து உளறினேன். அடுத்தவ புண்ணத் தேடித் தேடிக் குத்துறோம், அதுக்குப் பாரம்பரியம்னு பேரு. த்தூ, இதுல என்னடா பெருமை?"

பனியன் மேல் போட்டிருந்த தன் "மிச்சம்" சட்டையைத் தலைவழியாக உருவி ஆங்கஸின் தட்டில் வீசினாள். அவன் நெஞ்சிலெல்லாம் குழம்பு தெறித்தது. ஒரு வருடமாகச் செய்ய வேண்டியதை இப்போதாவது செய்துவிட்டோம் என்று மார்னிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மேசை மேலிருந்து எல்ஸ்பெத் ஒரு பார்வையாவது பார்ப்பாள் என்று அண்ணாந்தாள்.

எல்ஸ்பெத் சட்டையை, கடையில் மடிப்பது போலக் கைகளை உள்ளே வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். இறங்கி நேராக மார்னியிடம் வந்தாள்.

"நீதான்னு படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. இங்க வேற யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. எப்ப வச்சீங்க இந்தப் பேர?"

"செவ்வாக்கிழமை," என்றாள் மார்னி.

"இன்னிக்கு வெள்ளி."

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் இருவரும் பேருந்தில் ஒரே இருக்கையில்தான் வந்தார்கள். சட்டையில் என்ன பெயர் என்று எல்ஸ்பெத் நச்சரித்தபோது, நல்ல பெயர்தான், பொறுத்திருந்து பார் என்று மார்னி சிரித்திருந்தாள்.

எல்ஸ்பெத் மடித்த சட்டையை மார்னியின் கையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.