ஈனோக்கின் மேல் ஒரு கண்

செத்து நூறு வருஷத்துக்கு மேலான ஒருவன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்காருவான் என்று வில்ஃப்ரெட் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மனைவி மாவிஸ் கிராம வரலாற்றுக் குழுவில் சேர்ந்ததிலிருந்து இதே கூத்துதான். டவுன் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைக் கிளறுவாள். திரும்பி வந்தால் ஈனோக் புராணம். ஈனோக் ஸ்வேல்ஸ், அவர்கள் குடியிருக்கும் இந்த யார்க்‌ஷயர் கிராமத்தில் அந்தக் காலத்து லாடக்காரன். கூஸ்பெர்ரிப் பழம் வளர்க்கும் போட்டியில் ஆகப் பெரிய பழத்துக்குச் செப்புக் கெண்டி பரிசு வாங்கியவன். குடித்துவிட்டு சர்ச் மணியை அடித்து அபராதம் கட்டியவன். வெள்ளத்தில் குதித்துப் பாதிரியாரின் பசுவை மீட்டவன்.

"தோள்ல தூக்கிட்டே வந்தானாக்கும்," என்றார் வில்ஃப்ரெட்.

"இழுத்துக்கிட்டு வந்தான். நீ பூனையை மரத்துலேர்ந்து இறக்கவே தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்ட ஆளு."

அவருக்கு வயிறு எரிந்தது. தான் சொன்ன எந்தக் கதைக்கும் அவள் இப்படிக் கண் விரியக் கேட்டதில்லை. அவளுடைய மனசு கைநழுவிப் போகிறது என்று பயமாகவும் இருந்தது. செத்தவனோடு மல்லுக்கு நிற்க முடியுமா? அவன் மானத்தைக் கப்பலேற்றுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பல் டாக்டரிடம் போவதாகப் பொய் சொல்லிவிட்டு அவரும் நூலகத்துக்குப் போனார். தேடித் தேடிக் கண் பூத்துப்போன நேரத்தில், பழைய செய்தித்தாள் ஒன்றில் ஒரு விளம்பரம் அகப்பட்டது.

'என் மனைவி தாமார் தக்க காரணமின்றி என் வீட்டை விட்டுப் போய்விட்டாள். இனி அவள் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல. ஈனோக் ஸ்வேல்ஸ்.'

அந்தக் காலத்தில் புருஷன்மார் பெண்டாட்டியை ஊரறியக் கைகழுவும் வழக்கம் அது. வில்ஃப்ரெட் அதை நகலெடுத்து வந்து, சாயங்காலம் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உன் வீரனோட பவிசைப் பாரு. பொண்டாட்டியே ஓடிப் போயிட்டா."

மாவிஸ் ஒரு பார்வை பார்த்துவிட்டு உருளைக்கிழங்கை அவர் பக்கம் நகர்த்தினாள். "இது எனக்கு முதல் மாசமே கிடைச்சிருச்சு."

"அப்புறமும் எதுக்கு அவனைத் தேடிட்டிருக்க?"

"அவனை யாரு தேடினா? ஊரே கொண்டாடின ஆளை விட்டுட்டு அவ ஏன் போனாள்னு பார்த்தேன். எங்கே போனாள்னு தேடினேன்."

"கிடைச்சாளா?"

"போன வாரம். விட்பின்னு ஒரு கடலோர ஊர்ல லாட்ஜ் வச்சிருந்திருக்கா. கடலைப் பார்த்த ரூம் வாடகைக்குன்னு வருஷா வருஷம் விளம்பரம், சொந்தப் பேர்ல. அவ சாவு அறிவிப்புல வயசு போட்டிருந்துச்சு, கணக்குப் பண்ணிப் பார்த்தேன். வீட்டை விட்டுக் கிளம்பினப்போ அவளுக்கு என் வயசு."

ஈனோக்கின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த மாதங்கள் எவ்வளவு நிம்மதியானவை என்று வில்ஃப்ரெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்த ஊருக்கு இங்கேருந்து பஸ் இருக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

"இருக்கு," என்றாள் மாவிஸ். "விசாரிச்சிட்டேன்."