நாற்பத்தெட்டாம் ஆண்டுக் கட்டு

"பிள்ளை, விரலை வை," என்றார் தகப்பன் சிற்றம்பலம்.

அருந்ததி கயிறு குறுக்கிட்ட இடத்தில் ஆள்காட்டி விரலை அழுத்தினாள். முடிச்சு இறுகும்போது சட்டென்று எடுத்துவிட வேண்டும். கயிறு இறுகவில்லை. பழைய பத்திரிகைக் கட்டின் மேல் ஐயாவின் நெற்றி மெல்லச் சாய்ந்திருந்தது. எதையோ கிட்டப் பிடித்து வாசிக்கிறார் என்று நினைத்து, விரலை எடுக்காமலே கொஞ்ச நேரம் இருந்தாள்.

யாழ்ப்பாணத்து நூல்நிலையத்திலிருந்து கடிதம் வந்து ஒரு கிழமை. நாற்பத்தெட்டாம் ஆண்டுப் பத்திரிகைகள் தங்களிடம் இல்லை, தந்தால் பெரிய உதவி என்று எழுதியிருந்தார்கள். வட்டக்கச்சிக் குடியேற்றத்துக்கு மற்றவர்கள் கோழியும் பெட்டியும் ஏற்றிவர, ஐயா ஏற்றிவந்தவை இந்தக் கட்டுகள். வெள்ளிக்கிழமை ரயிலில் அனுப்புவதாகப் பதில் போட்டிருந்தார்.

மறுநாள் காலை வீடு நிறையச் சனம். தாயின் தமையன் சின்னராசா அந்தக் கட்டிலிருந்தே தாள்களை உருவி, வெற்றிலை வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அது லைபிறரிக்கு."

"செத்தவீட்டில என்ன லைபிறரி? பழைய பேப்பர்தானே பிள்ளை."

பந்தலுக்குள் ஒருவர் தாளை விரித்தார். "இஞ்ச பாருங்கோ, எங்கட பக்கம் தார் ரோட்டு வரப்போகுதாம்!"

"எப்பவாம்?"

"வாற வருசம்."

"எந்த வருசத்துப் பேப்பர் ஐசே அது?"

எழுந்த சிரிப்பு, உள்ளே ஒப்பாரி கேட்டதும் அடங்கியது. அருந்ததிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தான் என்ன செய்கிறோம் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. அழவேண்டிய நேரத்தில் கீழே கிடந்த தாள்களில் திகதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா மீதிக் கட்டை ஒரு துண்டில் முடிந்து பாடையின் கால்மாட்டில் வைத்தார். "உயிர் போகேக்க தலை வச்சது. அவரோடயே போகட்டும்."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அவளுக்குங்கூட. ஐயா இதை விட்டுவிட்டு எப்படிப் போவார்? ஆனால் பதில் போட்டவரும் அவர்தானே.

பாடை வாசல் படலையைத் தாண்டப்போகையில் ஓடிப்போய்த் துண்டைப் பிடித்து இழுத்தாள். பாடை ஒருபக்கம் ஆடியது.

"விசரே உனக்கு? பாடையில வச்சதை எடுக்கிறதே!"

"குடுக்கிறன் எண்டு ஐயா எழுதினவர், மாமா."

தாய் அன்னபாக்கியம் பெண்களை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவள் மகளைப் பார்க்கவில்லை.

"அண்ணை, நீங்கள் போங்கோ. வெயிலேறுது."

செத்தவீட்டுத் துடக்குக் கழிந்த பின்னரே கட்டு ரயிலேறியது.

ஆறு மாதம் கழித்து அருந்ததி நூல்நிலையத்துக்குப் போனாள். ஐயாவின் பத்திரிகைகளுக்கு மட்டை கட்டி, முதுகில் ஆண்டு எழுதி வைத்திருந்தார்கள். உள்ளட்டையில் பென்சிலால் ஒரு குறிப்பு: யூன் 17, 18, 19 இல்லை.

"எங்கையாவது கிடைச்சால் அனுப்பிவிடுங்கோ," என்றார் பொறுப்பாளர்.

"ஓம்," என்றாள்.

அதன் பிறகும் யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் அந்தத் தொகுப்பை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது.