முழுக்கை

வயிற்றுவலி என்றால் எந்தப் பக்கம் என்று போலீஸில் கேட்பார்களோ? எத்தனை நாளாக என்று கேட்பார்களோ? திலகவதி நாற்காலிகளைத் துடைத்துப் போட்டபடியே பதில்களை யோசித்துக்கொண்டிருந்தாள். தங்கை சூர்யகலா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டு ஒரு பகல்கூட முடியவில்லை. உடல் இன்னும் அரசு மருத்துவமனையில் இருந்தது.

"ஒரே வார்த்த. வயித்துவலி," என்றார் தாய்மாமன் வீரபாகு, குரலைத் தாழ்த்தி. "ரொம்ப நாளா இருந்துச்சு, தாங்கல. அவ்ளோதான். வேற எதுனா வாயத் தொறந்தேன்னு வை, நாளைக்கு உன்னிய எவன் பொண்ணு கேட்டு வருவான்? ஊரு பூரா பேஜாராயிடும்."

சரிங்க மாமா என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுத் தறிகள் நின்றிருந்தன. துக்கத்துக்காக அடுத்த வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதிக்குள், ஓடாமல் கிடந்த தன் தையல் மெஷினின் சத்தம் மட்டும் திலகவதிக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன மாசியில் ஒரு மத்தியானம். தறியில் அறுந்த இழையைப் பிணைக்கச் சூர்யகலா எட்டியபோது சட்டைக்கை விலகியது. உள்ளே தழும்புகள். சில இன்னும் ஆறவில்லை.

"இன்னாடி இது? யார்னா பண்ணாங்களா?"

"நானேதான்."

"ஏன்டி?"

"தெர்லக்கா. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது. அழுககூட வர்ல." இழையை முடிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாதக்கா. சுடிதாருக்கு முழுக்கை வச்சித் தெச்சிக் குடு."

தைத்துக் கொடுத்தாள். நான்கு. துணி மேலேறாமலிருக்க மணிக்கட்டில் பட்டனும் வைத்தாள். பங்குனி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு தங்கை கல்லூரிக்குக் கிளம்பியபோது, "கலெக்டரம்மாவுக்கு வழி விடுங்கடி" என்று அம்மா கிண்டல் செய்தாள். சூர்யகலாவும் சிரித்தாள். சிரிக்கிறாளே என்று திலகவதி இருந்துவிட்டாள்.

துக்க வீட்டுக்கு மூன்று மணிக்குப் பெண் ஏட்டு வந்தார். மாமாவே எல்லாவற்றையும் சொன்னார். ஏட்டு எழுதிக்கொண்டார். தறிக்குழி ஓரமாகச் சுருண்டு கிடந்த அம்மா கற்பகத்தின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தாள்.

"வயித்துவலியா? எங்கிட்ட சொல்லவே இல்லியே. கொஞ்சம் சீரகத்தண்ணி வச்சிக் குடுத்திருப்பேனே..." சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நேத்து கொழம்புல காரம் ஜாஸ்தி. காரமா கீதுன்னு சொல்லிச்சு கொயந்த. நான்தான் திட்டிகினே சாப்புட வச்சேன். நான்தான்..."

தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். யாரோ கையைப் பிடித்தார்கள். விடுவித்துக்கொண்டு மறுபடி அடித்துக்கொண்டாள்.

ஏட்டு காகிதத்தைத் திருப்பி வைத்தார். "நீதான அக்கா? படிச்சிப் பாத்துட்டு இங்க கையெழுத்துப் போடும்மா."

திலகவதி படித்தாள். பெயர் சரியாக இருந்தது. வயது இருபது, அதுவும் சரி. மூன்றாவது வரியில், 'தீராத வயிற்றுவலி' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"ஜல்தி போடு," என்றார் மாமா.

"இல்லீங்க மாமா. நான் போடல."

பேனாவை மூடிக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.