விட்டுப்போன பதினெட்டு மைல்

தட்டிலிருந்த ஆப்பிள் பை ஆறிவிட்டது. லோவெல் அதைத் தொடவில்லை. ஏட்ரியன் உணவகத்தில் அந்த நேரத்துக்கு அவனைத் தவிர யாரும் இல்லை. காபி ஊற்ற வந்த வெர்னா, மேசைமேல் விரிந்துகிடந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தாள். பழைய அறுபத்தாறாம் எண் சாலை, சிகாகோவிலிருந்து மேற்குக் கடல்வரை சிவப்பு மையில் ஓடியது. ஓரிடத்தில் மட்டும் மை இல்லை.

"அடேயப்பா! மொத்தமும் ஓட்டிட்டியா ராசா?"

"பதினெட்டு மைல் பாக்கி."

"கிளென்ரியோ மண் ரோடுதானே?" வெர்னா சிரித்தாள். "பெரிய ரோட்டுல பறந்துட்டு வந்து, முழுசா ஓட்டினேன்னு இங்க உக்காந்து கதை விடுவானுங்க. கிளென்ரியோ தாண்டி எப்படிப்பா போனேன்னு ஒரே ஒரு கேள்வி கேப்பேன். மூஞ்சி தொங்கிடும்."

"என் மூஞ்சியும் தொங்கியிருக்கு."

"யாரு கேட்டா?"

"என் பொண்டாட்டி."

"சரியான ஆளுதான். எங்க அவ? கோவிச்சுக்கிட்டு கார்லயே இருக்காளா?"

"பிப்ரவரியில செத்துப்போயிட்டா."

வெர்னா காபிக் குடுவையை மேசைமேல் வைத்தாள். ஆறிய பையை எடுத்துப்போய்ச் சூடாக்கிக்கொண்டு வந்து வைத்தாள். அவன் ஒரு வாய் தின்னும்வரை அங்கேயே நின்றாள்.

ஐந்து வருடத்துக்கு முன், கல்யாணமான மூன்றாம் வாரம், கிளென்ரியோவில் தார் முடிகிற இடத்தில் அவன் காரை நிறுத்தினான். வாடகைக் கார். மண் சாலையில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதையெல்லாம் வரிவரியாகப் படிக்கிற ஆள் அவன்.

"மழையா, வெள்ளமா? போடா, வண்டிய எடு," என்றாள் கோரின்.

"அங்க என்ன இருக்கு? வெறும் மண்ணு. இருட்டுறதுக்குள்ள ஆல்புகெர்க்கி போகணும்."

"அந்த மண்ணுதான் வேணும் எனக்கு. சிகாகோவுலேருந்து ஒரு மைல் விடாம வந்திருக்கேன்."

"அடுத்த தடவை. நம்ம சொந்த வண்டியில."

"சரிங்க வக்கீலய்யா. அதையும் ஒப்பந்தத்துல எழுதிக் குடுங்க."

டுக்கும்காரி ஊர் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒரு பழைய விடுதியின் நியான் பலகையைப் பார்த்ததும் கோபத்தை மறந்துவிட்டாள். வரைபடத்தில் அந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள்.

இப்போது சொந்த வண்டி. பின்னால் மண்வெட்டி, இழுக்கும் கயிறு, இரண்டு கேன் தண்ணீர், உபரிச் சக்கரம் ஒன்றுக்கு இரண்டு. கிளென்ரியோவில் கூரை விழுந்த பெட்ரோல் நிலையத்தைத் தாண்டியதும் தார் முடிந்தது. லோவெல் வண்டியை நிறுத்தவில்லை.

இரண்டு பக்கமும் புல். மரப்பாலம் ஒன்று, பிறகு இன்னொன்று. பாதி வழியில், எதிரே வந்த பண்ணைக்காரர் ஒருவர் வண்டியை ஒட்டி நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"வழி தப்பிட்டியா தம்பி?"

"இல்லீங்க. இந்த ரோட்டுக்குத்தான் வந்தேன்."

அவர் பார்வை பின்னால் போயிற்று. "மண்வெட்டி எதுக்கு? புதையலா?"

"ரோடு மோசமா இருக்கும்னு நெனச்சேன்."

"மழை பேஞ்சா மாட்டிக்குவ. இப்படிக் காஞ்சு கெடந்தா எங்கம்மாவே ஓட்டிடுவா. தொண்ணூத்தொண்ணு அவளுக்கு. ஒரு கண்ணு வேற தெரியாது."

அவர் கையசைத்துவிட்டுப் போனார். புழுதி அடங்கும்வரை லோவெல் காத்திருந்தான்.

பதினெட்டு மைல் முடிகிற சான் ஹோனில் சக்கரங்களுக்குக் கீழே சத்தம் மாறியது. தார். அவன் ஓரமாக நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தான்.

நாற்பத்தொரு நிமிடம்.

மறுபடியும் பார்த்தான். அன்றைக்கு ஆல்புகெர்க்கி போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில் இருந்தது. கோரின் பெட்டியைப் பிரித்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் சாய்ந்தபடி இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்தான். எந்த அணிகள் ஆடின என்று இப்போது நினைவில்லை.

"நாப்பத்தொரு நிமிஷம்டி, கோரின்," என்றான்.

பிப்ரவரிக்குப் பிறகு அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.